மட்டி: பெயர் முதல் சட்டி வரை – கொழும்பு வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

மட்டி என்பது சரியாக எந்தச் சிப்பி?

மட்டி என்பது ஒரு தனி இனத்தின் பெயர் அல்ல. மணலிலோ சேற்றிலோ புதைந்து வாழும், ஒரு பக்கம் கீல் போட்டதுபோல் இணைந்த இரண்டு ஓடுகள் கொண்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் சிப்பிகள் பலவற்றுக்கும் நம் ஆட்கள் அந்த ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். ‘கீரை’ என்றால் எந்தக் கீரை என்று கேட்க வேண்டியிருப்பதுபோல, ‘மட்டி’ என்றாலும் எந்த மட்டி, எந்தக் களப்பு மட்டி என்று கேட்கத்தான் வேண்டும். சமையலில் வரும் பாதித் தொல்லை இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் வருவது. வேகும் நேரம், உப்பு, மண், சதையின் அளவு எல்லாமே இனத்துக்கு இனம், தண்ணீருக்குத் தண்ணீர் மாறும்.

சிப்பி, கிளிஞ்சல், ஊரி, ஆளி, மட்டி எல்லாம் ஒன்றா?

இல்லை. சிப்பி என்பது இரட்டை ஓடு உள்ள எல்லாவற்றுக்கும் பொதுச்சொல். முத்துச்சிப்பியும் சிப்பிதான், ஹோட்டலில் ஐஸ் மேல் வைத்துத் தரும் ஒய்ஸ்டரும் சிப்பிதான். அந்த ஒய்ஸ்டரைத் தமிழ்நாட்டுக் கரையில் ஆளி என்பார்கள். அது கல்லிலும் கண்டல் வேரிலும் ஒட்டி வளரும், ஓடு கரடுமுரடாக, வடிவமே இல்லாமல் இருக்கும். கிளிஞ்சல் என்றால் பெரும்பாலும் வெறும் ஓடு, அதாவது கரையில் ஒதுங்கியது, சுண்ணாம்புக்குச் சுடுவது. ஊரி ஒற்றை ஓட்டுப் பிராணி, நத்தை போல் சுருண்டிருக்கும். மஸல் என்று மெனுவில் வருவது நீள முக்கோண ஓடு, நார் விட்டுப் பாறையில் தொங்குவது. திருகோணமலைப் பக்கம் கிடைக்கும் பச்சை ஓட்டு மஸலைக் கேரளத்தில் கல்லுமக்காய் என்கிறார்கள்.

சிங்களத்திலும் மட்டி, மட்டிதான். ஆனால் ‘பெல்லோ’ என்று சொன்னால் நத்தையும் சிப்பியும் சேர்ந்து வந்துவிடும். ‘காவாட்டி’ என்றால் ஒய்ஸ்டர். பேலியகொடை மீன் சந்தையில் கேட்பதானால் ‘மட்டி தியெனவாத?’ என்று கேளுங்கள். அடுத்த கேள்வி ‘பண தியெனவாத?’ (உயிர் இருக்கிறதா?). இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

எழுத்துப் பிழை ஒன்றும் அடிக்கடி ஆளைக் குழப்புகிறது. மத்தி என்பது மீன், நம் சாளை வகை. தொலைபேசியில் ஓடர் கொடுக்கும்போது ‘மட்டி, ஓட்டோடு’ என்று சொல்லிவிட்டால் பிழைக்காது. மட்டிப்பால் என்று கடையில் இருப்பதோ மரப்பிசின், சாம்பிராணியோடு புகைப்பது. சிப்பிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

கையில் இருப்பது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒன்றை எடுத்துக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து விரல் நகத்தால் ஓட்டின் மேல் குறுக்கே கோடு இழுத்துப் பாருங்கள்.

நகம் எங்கும் தட்டாமல் வழுக்கிப் போகிறது, ஓடு பளபளப்பாக இருக்கிறது, சாம்பல் அல்லது மண்ணிறத்தில் கதிர் கதிராகவோ வளைந்து வளைந்தோ கோலம் இருக்கிறது என்றால் அது மார்சியா ஒபிமா. புத்தளம் களப்பின் மட்டிகளில் முக்கியமானது. ஓடு அவ்வளவு தடிப்பில்லை, சதை நிறைய, சீக்கிரம் திறக்கும். அதன் பங்காளி மார்சியா ஹியான்டினாவில் ஓட்டின் விளிம்புக்கு இணையாக வளைய வளையமாக வரம்பு ஓடும், நகம் ‘டிக் டிக்’ என்று தட்டும்.

வழுவழுப்பாக இருந்தும் முக்கோணச் சாயலில், கைக்குக் கனமாக, மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் இருந்தால் மெரெட்ரிக்ஸ் கஸ்டா. ஆறு கடலில் சேரும் இடங்களிலும் உப்புக் குறைந்த களப்புகளிலும் வளர்வது. ஓடு தடிப்பானதால் ஒரு கிலோவில் சதை குறைவாகத்தான் வரும். சுவையில் குறையில்லை.

ஓடு முழுக்க மணி கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாக வரி இருந்தால் காஃப்ராரியம். அந்த முடிச்சுகளுக்கு இடையில் சேறு பிடித்துக்கொள்ளும், பிரஷ் போட்டுத் தேய்க்காமல் சட்டியில் போட வேண்டாம்.

கீலிலிருந்து விளிம்புக்கு விசிறி மடிப்புப்போல் ஆழமான வரி ஓடி, திறந்தால் உள்ளே சிவப்புத் தண்ணீர் வந்தால் அது இரத்தச் சிப்பி. டெகிலார்கா கிரனோசா என்ற இனத்தில் வரி பதினெட்டு அளவில் இருக்கும், வரிமேல் சிறு சிறு குமிழும் இருக்கும். ஏறத்தாழ நாற்பது நெருக்கமான வரி என்றால் அனடாரா ஆன்டிகுவாட்டா. சிவப்பு, கெட்டுப்போன அடையாளம் இல்லை. நம் இரத்தத்தில் இருப்பதுபோல் அதிலும் ஹீமோகுளோபின் இருக்கிறது.

கடற்கரை மணலில் அலை இழுக்கும்போது மேலே வந்து, ஒரு நொடியில் திரும்பப் புதைந்துகொள்ளும் சின்ன ஆப்பு வடிவச் சிப்பி டோனக்ஸ். இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான் இருக்கும். சூப்புக்கு நல்லது, சதை எடுக்கப் பொறுமை வேண்டும்.

கண்டல் சேற்றில் கிடைக்கும் பெரிய கறுப்பு ஓட்டு வகை, ஜெலோயினா. கைப்பிடி அளவுக்கு வளரும். சேற்று மணம் உண்டு. அதைச் சிறு மட்டியாக நினைத்து நான்கு நிமிடத்தில் இறக்கிவிடாதீர்கள், நடுவில் வேகாது.

லண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் உறவினர் அனுப்பும் ரெசிப்பியில் வேறு வேறு பெயர் வருகிறதே, எதற்கு எது பதில்?

இதுதான் அதிகமாக வரும் கேள்வி. ஒரே பெயர் வேறு வேறு பிராணிக்கும், ஒரே பிராணி வேறு வேறு பெயரிலும் ஓடித் திரிகிறது.

அமெரிக்க ரெசிப்பியில் லிட்டில்நெக், செரிஸ்டோன், கோஹாக் என்று மூன்று பெயர் வந்தால் மூன்று இனம் என்று தேடாதீர்கள். அத்திலாந்திக் கரையில் அவை மூன்றும் மெர்செனேரியா மெர்செனேரியா என்ற ஒரே சிப்பியின் அளவுப் பெயர்கள். சின்னது லிட்டில்நெக், நடுத்தரம் செரிஸ்டோன், முற்றிப் பெருத்தது கோஹாக். அதே லிட்டில்நெக் பசிபிக் கரை ரெசிப்பியில் வந்தால் அது வேறு இனம். எதுவானாலும் கொழும்புச் சட்டிக்கு லிட்டில்நெக்கின் இடத்தில் நாலைந்து சென்ரிமீற்றர் மார்சியா பொருந்தும். கோஹாக்கைக் கொத்திப் போடும் சூப்புக்கு ஜெலோயினா பொருந்தும்.

மணிலா கிளாம் என்பது ருடிட்டாபெஸ் பிலிப்பினாரம். ஜப்பானில் அசாரி, கொரியாவில் பாஜிராக். ஜப்பானிய ஒய்ஸ்டர் குஞ்சுகளோடு கலந்து 1930களில் தெரியாமல் வட அமெரிக்காவின் பசிபிக் கரைக்குப் போய் அங்கே பெருகிவிட்டது. 1983இல் வெனிஸ் களப்பில் வளர்ப்புக்காக விட்டார்கள். இன்றைக்கு வொங்கோலே எனப்படும் இத்தாலியச் சிப்பித் தட்டில் பெரும்பாலும் இருப்பது இந்த ஆசியச் சிப்பிதான். ஆகவே வொங்கோலே ஸ்பகெட்டிக்கு நம் களப்பு மட்டியைப் போட்டால் ஏதோ மாற்றுப் பொருள் போட்டோம் என்று மனங்கோண வேண்டியதில்லை. இரண்டும் ஒரே குடும்பம்.

லண்டனில் கொக்கிள் என்பது விசிறி வரி உள்ள செராஸ்டோடெர்மா. சிங்கப்பூர், மலேசிய ஆங்கில ரெசிப்பியில் கொக்கிள் என்றால் அங்கே கெராங் எனப்படும் இரத்தச் சிப்பி. இரண்டுக்கும் சுவை, நிறம், வேகும் விதம் எதுவும் ஒத்துப்போகாது. கெராங் கேட்கும் லக்சா என்ற நூடில்ஸ் சூப்புக்கு இரத்தச் சிப்பியையே தேடுங்கள். கிடைக்காவிட்டால் மட்டி போடலாம், அந்த இரும்பு வாசம் மட்டும் வராது. அதே நாடுகளில் லாலா என்று மிளகாய் போட்டு வதக்குவது மெல்லிய ஓட்டுச் சிப்பி. அதற்கு மார்சியா மிகச் சரி.

பிபி என்ற பெயர் அவுஸ்திரேலியாவில் டோனக்ஸ் வகையைக் குறிக்கும். நியூசிலாந்தில் அதே சொல் பாஃபியெஸ் என்ற வேறு சிப்பிக்கு. கோவாவில் திஸ்ரியோ, கேரளத்தில் கக்கா. கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் எடுக்கும் மஞ்சள் கக்காவுக்கு 2014இல் எம்எஸ்சி என்ற நிலைபேறான மீன்பிடிச் சான்றிதழ் கிடைத்தது, இந்தியாவில் முதலாவதாக. கேரள ‘கக்கா இறைச்சி’ ரெசிப்பிகள் எல்லாவற்றையும் நம் மட்டிக்கு அப்படியே எடுக்கலாம், தேங்காய்த் துண்டு போட்டு வறட்டுவது உட்பட.

கொழும்பில் எங்கே, எப்போது வாங்குவது?

பேலியகொடை மத்திய மீன் சந்தை, நீர்கொழும்பு லெல்லம, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைச் சந்தைகளின் மீன் பக்கம். ஆனால் மட்டி சூரை, பாரை போல் தினமும் பலகையில் கிடக்கும் பொருள் இல்லை. முதல்நாளே சொல்லிவைத்து எடுப்பதுதான் நடைமுறை. ‘அண்ணா, எந்தக் களப்பு? எப்ப எடுத்தது?’ என்ற இரண்டு கேள்விக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். சுப்பர்மார்க்கெட்டில் கிளாம் மீட் என்று உறையவைத்த சதை கிடைத்தால் பொதியில் ‘குக்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். வெந்த சதையை மறுபடி நெடுநேரம் வேகவைத்தால் ரப்பர்தான்.

காலம் முக்கியம். வடகீழ்ப் பருவமழை புத்தளம், மன்னார், யாழ்ப்பாணக் களப்புகளில் இறங்கும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை உப்பு சடுதியாகக் குறைந்து மட்டி நொந்துபோகும், மழைநீரோடு ஊர் அழுக்கும் களப்புக்குள் வரும். மழை கொட்டிய வாரத்தில் வாங்காதீர்கள். இனப்பெருக்கம் முடிந்த மட்டியும் ஏமாற்றும். ஓடு பெரிதாக இருக்கும், உள்ளே சதை சவ்வு மாதிரி மெலிந்து தண்ணீராக இருக்கும். வாங்குமுன் ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், சதை ஓட்டை நிறைத்து வெண்மஞ்சளாகப் புடைத்திருக்க வேண்டும்.

உயிருள்ளதா, செத்ததா, சேறு நிரம்பியதா? எப்படித் தெரிந்துகொள்வது?

வாய் இறுக மூடியிருந்தால் உயிர். சற்றுத் திறந்திருந்தால் இன்னொரு மட்டியால் தட்டுங்கள், இல்லையேல் விளிம்பைத் தொடுங்கள். மெதுவாகவேனும் மூடிக்கொண்டால் உயிர். ஒரு நிமிடம் பார்த்தும் அசையவில்லை என்றால் எறிந்துவிடுங்கள். ஓடு உடைந்தது, வெடித்தது எதுவும் வேண்டாம்.

எல்லாரும் தவறவிடுவது சேற்று மட்டி. பிராணி செத்து, ஓட்டுக்குள் களிமண் நிரம்பி, வெளியே பார்க்க இறுக மூடிய நல்ல மட்டியாகவே இருக்கும். அப்படி ஒன்று சட்டிக்குள் திறந்தால் கறி முழுவதும் கறுப்புச் சேறு, அதற்குமேல் காப்பாற்ற வழியில்லை. ஆகவே ஒவ்வொன்றாகக் கையில் எடுங்கள். பெருவிரலையும் சுட்டுவிரலையும் இரண்டு ஓட்டிலும் வைத்து, ஒன்றை மேலும் மற்றதைக் கீழுமாகத் தள்ளிப் பாருங்கள். உயிருள்ள மட்டியின் இரண்டு தசைகளும் ஓட்டை இழுத்துப் பிடித்திருக்கும், மயிரிழையும் நகராது. சேற்று மட்டி சரக்கென்று வழுக்கிப் பிரியும். ஒரு கிலோவுக்கு ஐந்து நிமிடம் போதும். இந்த ஐந்து நிமிடத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல மட்டியில் கடல் மணம், ஈர மணல் மணம். அழுகிய முட்டை மணம் வந்தால் எங்கோ செத்தது கிடக்கிறது, அதைத் தேடி எடுக்கும் வரை மற்றதைக் கழுவ வேண்டாம்.

புத்தளத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தால் சாகாதா?

கிட்டத்தட்ட 130 கிலோமீற்றர், நான்கு மணி நேரப் பயணம். சரியாகக் கட்டினால் சாகாது. பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். ரெஜிபோம் பெட்டியின் அடியில் ஐஸ், அதன்மேல் நாலைந்து மடிப்புப் பத்திரிகைத் தாள், அதன்மேல் ஈரச் சணல் சாக்கில் மட்டி. பெட்டியின் அடி ஓரத்தில் ஒரு துளை. உருகும் ஐஸ்தண்ணீர் நல்ல தண்ணீர்தானே என்று நினைக்க வேண்டாம், உப்பில்லாத தண்ணீரில் கிடந்தால் மட்டி ஊறிச் சாகும். மூடியை இறுக்காமல் சற்றே காற்று வர விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், பாத்திரத்தில் கொட்டி, ஈரத்துணி போர்த்தி வையுங்கள். நம் மட்டி வெப்பக் கடல் பிராணி, கடுங்குளிர் அதற்கு ஒத்துவராது. ஒரு நாளுக்குள் சமைத்துவிடுங்கள். ஐரோப்பியப் புத்தகங்களில் சொல்லும் நாலைந்து நாள் கணக்கு இங்கே செல்லாது.

மண் போக எவ்வளவு உப்பு, எவ்வளவு நேரம்?

கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. கடற்கரை மட்டிக்கு லீற்றருக்கு 30 முதல் 35 கிராம் போடுங்கள். தூள் உப்பென்றால் மட்டமாக இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைய. நிறுக்கும் தராசு இருந்தால் கல் உப்பை நிறுத்தே போடுங்கள், கரண்டிக் கணக்கு கல் உப்புக்குச் சரிவராது. ஆற்றுமுகக் களப்பு மட்டிக்கு 20 முதல் 25 கிராம். புத்தளம் களப்பு மட்டும் தனி ரகம். நீண்ட வறட்சியில் ஆவியாதல் கூடி அதன் பகுதிகள் கடலைவிட உப்பாகிவிடும். அந்தக் காலத்தில் எடுத்ததற்கு 35 கிராமே போடலாம்.

உப்பு பொருந்தியதா என்று மட்டியே சொல்லும். இருட்டான மூலையில் வைத்து அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஓட்டின் ஓரத்தில் இரண்டு குட்டிக் குழாய்கள் வெளியே நீண்டிருக்க வேண்டும். ஒன்றால் தண்ணீரை இழுத்து மற்றதால் பீய்ச்சும், சில வேளை பாத்திரத்துக்கு வெளியேயும் தெறிக்கும். எல்லாம் வாயை மூடிக்கொண்டு கிடந்தால் உப்பு பொருந்தவில்லை. களப்பு மட்டி என்றால் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துப் பாருங்கள், கடல் மட்டி என்றால் உப்பு சேர்த்துப் பாருங்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதிலும் வாயைத் திறக்காது. முதல்நாள் இரவே வாய் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்த தண்ணீரை அல்லது கொதித்து ஆறிய தண்ணீரைப் பயன்படுத்துங்கள். கொதித்த தண்ணீரில் காற்று குறைந்திருக்கும், ஆகவே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நாலைந்து முறை உயர்த்தி ஊற்றி ஆற்றிய பிறகு உப்புப் போடுங்கள். வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒரு வாளி கடல்நீர் அள்ளி வந்தால் என்ன என்று கேட்கிறார்கள். வேண்டாம், கால்வாய் வந்து விழும் கடல் அது.

பாத்திரம் ஆழமாக வேண்டாம். அகன்ற தட்டத்தில் இடியப்பத் தட்டு அல்லது கம்பி வலையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் மட்டியை ஒரே அடுக்காகப் பரப்பி, மூழ்கும் அளவு தண்ணீர். துப்பிய மண் அடியில் தங்கும், வெறும் தட்டத்தில் போட்டால் துப்பியதையே திரும்ப இழுக்கும். கொழும்பு வெக்கையில் தண்ணீர் சீக்கிரம் கெடும், ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்றி, மொத்தம் மூன்று நான்கு மணி நேரம். இரவு முழுக்க ஊறவிட்டால் ஒக்சிசன் தீர்ந்து காலையில் பாதி செத்திருக்கும். எடுக்கும்போது தண்ணீரை வடிக்காதீர்கள், மட்டியைக் கையால் மேலே தூக்கி எடுங்கள்.

தவிட்டு மா, மிளகாய் போட்டால் வேகமாகத் துப்பும் என்பதற்கு வேலை இல்லை. உப்பும் காற்றும் போதும்.

எவ்வளவு நேரம் வேகவைப்பது?

கனமான சட்டியில் அரைக் கோப்பை தண்ணீர், நல்ல நெருப்பு, இறுக்கமான மூடி. ஆவி வந்ததும் மட்டியைப் போடுங்கள், இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். திறக்கத் தொடங்கியதிலிருந்து இன்னும் மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதி அடங்காமல் வையுங்கள். திறந்த கணமே இறக்குவதுதான் மென்மை என்று வெளிநாட்டுச் சமையற்காரர் சொல்வார்கள். அது ஆய்வுக்குட்பட்ட தண்ணீரில் வளர்த்த சிப்பிக்கு. சிப்பிக்குள் ஹெப்பற்றைற்றிஸ் ஏ கிருமி சாக, சதையின் நடுப்பகுதி 90 பாகை செல்சியஸில் 90 வினாடி இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. ஓடு 90 பாகை வரும் முன்பே திறந்துவிடும்.

1988இல் ஷாங்ஹாயில் அரைவேக்காட்டு இரத்தச் சிப்பி தின்று ஏறத்தாழ மூன்று இலட்சம் பேருக்கு மஞ்சட்காமாலை வந்தது. அந்த ஊரில் சிவப்பு மாறாமல் இலேசாக வெந்நீர் காட்டித் தின்பதுதான் வழக்கமாக இருந்தது. இரத்தச் சிப்பியில் சிவப்பு மறைந்து பழுப்பாகும் வரை வைப்பது அதனால்தான்.

வேகாமல் மூடியே கிடப்பதை என்ன செய்வது? ஒன்றிரண்டு தசை இறுகித் திறக்காமலிருக்கும். சேற்று மட்டியும் அப்படித்தான் கிடக்கும். எது எது என்று அறியச் சட்டிக்குள் நோண்டாதீர்கள், எடுத்து எறியுங்கள்.

வடிந்த தண்ணீர்தான் மட்டியின் சாரம், கீழே ஊற்றாதீர்கள். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்து, மெல்லிய பருத்தித் துணியில் வடித்து, அடியில் உள்ள கடைசி இரண்டு கரண்டியை மட்டும் விட்டுவிடுங்கள். மண் அதில்தான்.

ஒரு கிலோவுக்கு எத்தனை பேர்?

ஓட்டோடு கறி வைத்தால் மூன்று பேர். சதை எடுத்தால் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்கு. அதாவது 100 முதல் 150 கிராம். வறைக்கு நான்கு பேருக்கு மூன்று கிலோ கேளுங்கள்.

பால் கறி எப்படி, அது ஏன் திரிகிறது?

ஒரு கிலோ மட்டிக்குச் சின்ன வெங்காயம் பன்னிரண்டு, பச்சை மிளகாய் மூன்று, உள்ளி ஐந்து பல், ஒரு அங்குல இஞ்சி, வெந்தயம் கால் தேக்கரண்டி, பெருஞ்சீரகம் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை. யாழ்ப்பாணத்துக் கறித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி. இரண்டாம் பால் ஒரு கோப்பை, முதற்பால் அரைக் கோப்பை, மட்டித் தண்ணீர் அரைக் கோப்பை.

தாளித்து, வெங்காயம் பொன்னிறமானதும் தூளைப் போட்டு நெருப்பைக் குறைத்து அரை நிமிடம் கிளறுங்கள். இரண்டாம் பாலும் மட்டித் தண்ணீரும் ஊற்றி எட்டு நிமிடம் கொதிக்கட்டும். முதற்பால் விட்டு, ஓரம் குமிழி வந்ததும் வெந்த மட்டியைப் போட்டு இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள். உப்பு கடைசியில்தான், சுவைத்துப் பார்த்து. மட்டித் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது, முதலிலேயே வழக்கமான உப்பைப் போட்டவர்கள்தான் கறி கரிக்கிறது என்று வருந்துவார்கள்.

திரிவதற்குக் காரணம் புளி. முதற்பாலோடு பழப்புளியோ கொறுக்காயோ சேர்ந்து கொதித்தால் பால் முறியும். புளி வேண்டுமானால் இரண்டாம் பாலோடு விட்டுக் கொதிக்கவைத்து முடித்துவிட்டு, முதற்பாலைக் கடைசியில் கொதிக்கவிடாமல் விடுங்கள். பால் கறிக்குத் தேசிக்காய்ப் புளி போதும், அடுப்பிலிருந்து இறக்கி, சூடு தணிந்த பிறகு.

சதை ரப்பராக இருக்கிறது என்றால் மட்டியைக் குழம்போடு சேர்த்து இருபது நிமிடம் கொதிக்கவைத்திருப்பீர்கள். அதைத் திருப்ப முடியாது. சிறிதாகக் கொத்தி முருங்கை இலை, தேங்காய்ப்பூவோடு வறையாக்கிவிடுங்கள், அங்கே அந்தக் கடிப்பு குற்றமாகத் தெரியாது.

ஒடியற் கூழுக்குப் போடலாமா?

தாராளமாக. நண்டும் இறாலும் வெந்து, ஒடியல் மா கரைத்து விட்டுக் கூழ் தடித்த பிறகு, வேறாக வேகவைத்த சதையையும் வடித்த தண்ணீரையும் சேருங்கள். ஓட்டோடு போட வேண்டாம், ஒரு சேற்று மட்டி பெரிய பானையைக் கெடுக்கும்.

பச்சையாகத் தேசிக்காயில் ஊறவைத்துத் தின்னலாமா?

கூடாது. புளிப்பு சதையை வெள்ளையாக்கும், அதனால் வெந்ததுபோல் தோன்றும். கிருமி அப்படியே இருக்கும். மட்டி தண்ணீரை வடிகட்டித்தான் தின்கிறது. தண்ணீரில் இருக்கும் கிருமியும் அழுக்கும் அதன் உடலில் சேரும்.

களனி முகத்துவாரம், தெஹிவளை, பொல்கொடை – அங்கே நாங்களே கிண்டி எடுத்தால்?

வேண்டாம், சமைத்தும் வேண்டாம். களனி கங்கை நகரத்தின் கழிவுநீரையும் தொழிற்சாலைக் கழிவையும் சுமந்து முகத்துவாரத்தில் இறங்குகிறது. கிருமியை நெருப்பு கொல்லும். ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களை எந்த நெருப்பும் அகற்றாது. செம்பாசி பெருகும் காலத்தில் சிப்பிக்குள் சேரும் சாக்ஸிடொக்ஸின் என்ற நஞ்சும் கொதியில் அழியாது. மட்டி தின்ற சிறிது நேரத்தில் உதடு, நாக்கு, விரல்நுனி மரத்துப்போனால் அந்த நஞ்சாக இருக்கலாம். மூச்சுத் தசைகளையே நிறுத்தக்கூடியது. விடியட்டும் என்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்ன தின்றீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

இறால் ஒவ்வாமை உள்ளவருக்கு?

எச்சரிக்கை. இறாலில் ஒவ்வாமை தரும் ட்ரோப்போமயோசின் என்ற புரதத்தின் வகை மட்டியிலும் இருக்கிறது. எல்லாருக்கும் வருவதில்லை, ஆனால் வீட்டில் சோதித்துப் பார்க்கும் விஷயமில்லை. வைத்தியரைக் கேளுங்கள். ஈரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் நன்கு வெந்ததை மட்டும் தொடுங்கள்.

உள்ளே கரும்பச்சையாக இருப்பது என்ன?

வயிறும் செரிமானச் சுரப்பியும், அது கடைசியாகத் தின்ற பாசியும். சிறு மட்டியில் அப்படியே தின்பார்கள். மூன்று விரல் அகலத்துக்கு மேற்பட்டதில் பிதுக்கி எடுத்துவிடுங்கள். கசப்பு அங்கேதான், மண் மிஞ்சினாலும் அங்கேதான்.

சதைக்கு நடுவில் ஒரு குட்டி நண்டு இருந்தது. கெட்டுவிட்டதா?

இல்லை. பட்டாணி நண்டு என்று சொல்லக்கூடிய அளவில், மெல்லிய ஓட்டோடு உயிருள்ள சிப்பிக்குள்ளேயே குடியிருக்கும் நண்டு அது. மட்டி வெந்திருந்தால் அதுவும் வெந்திருக்கும். எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம், இறால் நண்டு ஒவ்வாதவர் தட்டில் மட்டும் அந்த மட்டியையே வைக்க வேண்டாம்.

மிஞ்சினால் உறையவைக்கலாமா?

சதையை எடுத்து, வடித்த மட்டித் தண்ணீரிலேயே மூழ்கும்படி சின்னச் சின்ன டப்பாவில் அடைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாக உறையவையுங்கள். இரண்டு மாதத்துக்குள் முடியுங்கள். தண்ணீரில்லாமல் உறைந்த சதை ஓரம் காய்ந்து நாராகிவிடும்.

ஓடுகளை என்ன செய்வது?

கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, வெயிலில் காயவைத்து, சாக்கில் சுற்றிச் சுத்தியலால் நொறுக்கினால் முட்டைக் கோழிக்கு நல்ல சுண்ணாம்புச் சத்து. அரிசியளவுக்கு நொறுங்க வேண்டும், ஊசிமுனையாக நீண்ட துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு வையுங்கள். மாடிவீட்டுக்காரர் பூச்சட்டியின் அடியில் வடிகாலுக்குப் போடலாம். கழுவாத ஓட்டைக் குப்பைப் பையில் கட்டி மறுநாள் வரை வைத்தால் மாடி முழுவதும் மணக்கும், குப்பை லொறி வரும் காலையன்றே கட்டி இறக்குங்கள்.